திகதி இல்லாதவர்களுக்கு ஒரு நாள்

1

போன மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ஒரு போறணை அடுப்பைப் பற்றவைத்தேன். அதனால் முப்பத்தாறு தட்டு மீன் சாப்பிடக் கூடாததாகிவிட்டது. மீனில் பழுது இல்லை. போறணையிலும் பழுது இல்லை. பற்றவைத்த கைதான் பிழையான கை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்வது வடமேற்கு லண்டனில், ஹெண்டன் பக்கத்தில், யூதர்களின் கலியாண வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சமைத்து அனுப்புகிற ஒரு சமையற்கூடத்தில். வெம்பிளியில் இருந்து 83ஆம் இலக்க பஸ் பிடித்தால் காலை ஆறரை ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். பாத்திரம் கழுவத் தொடங்கி, இப்போது மரக்கறி வெட்டுகிற மேசைக்கு உயர்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது மோசமில்லை. இதற்கு முன் ஜெர்மனியில் பன்றி வெட்டினேன். பாரிஸில் வீடு வீடாக விளம்பரத் துண்டு போட்டேன். சுவிஸில் ஒரு மாட்டுப் பண்ணையில் சாணம் அள்ளினேன். லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் இருந்தபோது விமானத்துக்குள் கூட்டித் துடைத்தேன். ஓரிடத்திலும் மூன்று வருடத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. இங்கேதான் ஆறு வருடமாக நிற்கிறேன்.

யூதர்களின் உணவு விதிகள் நிறைய. அதில் ஒன்று நெருப்பைப் பற்றியது. நான் வெட்டலாம், கழுவலாம், உப்புப் போடலாம், தட்டைப் போறணைக்குள் தள்ளவும் செய்யலாம். நெருப்பை மட்டும் ஒரு யூதர்தான் மூட்ட வேண்டும். இதைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு மேற்பார்வையாளரை வைத்திருக்கிறார்கள். அவருடைய பெயர் அவ்ரம். நாற்பது வயது, ஏழு பிள்ளைகள், சிவப்புத் தாடி, தீராத நாரி நோ, அதாவது இடுப்பு வலி. காலையில் எல்லா அடுப்பையும் அவர் மூட்டுவார். பிறகு ஒரு வெளிச்சப் பெட்டியில் கீரையை ஒவ்வோர் இலையாக வைத்துப் பூச்சி தேடுவார். மிச்ச நேரம் எங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார். அதுதான் அவருடைய வேலை. நானும் ஆட்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறவன். சம்பளம் இல்லாமல் பார்க்கிறேன், அதுதான் வித்தியாசம்.

அன்றைக்குப் பின்கதவு திறந்து காற்றடித்ததில் ஒரு போறணை அணைந்துவிட்டது. அவ்ரம் மேல்மாடியில் தொலைபேசியில் இருந்தார். நெருப்பு அணைந்தால் மூட்டுவது என்று என் கைக்கு நாற்பது வருடப் பழக்கம். மூட்டிவிட்டு வெங்காயத்துக்குப் போய்விட்டேன். மீன் வெந்து வெளியே வந்த பிறகுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது.

ஒருவரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மீன் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கும். அங்கே உள்ள கிழவர்கள் சாப்பிட்டிருப்பார்கள். ஒன்றும் நடந்திருக்காது. இருந்தாலும் சொன்னேன்.

அவ்ரம் தட்டுகளைப் பார்த்தார். "முழுக்க வெந்துவிட்டதா?"

"வெந்துவிட்டது."

"பாதி வேகுமுன் சொல்லியிருந்தால் ஒரு வழி இருந்தது. இனி இல்லை." நாரியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "இதற்கு முன் எத்தனை தரம்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒன்றைத் தானாக வந்து சொல்கிறவன் பத்தை மறைக்கிறவனாக இருக்கலாம்.

"இதுதான் முதல்தரம்" என்றேன்.

நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மீனை யூதரல்லாத வேலையாட்கள் பங்கிட்டுக்கொண்டு போகலாம் என்றார். சமாதானத்துக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை.

"இன்று எனக்கு விரதம். தண்ணீரும் இல்லை."

"ஏன் விரதம்?"

"திகதி இல்லாதவர்களுக்காக" என்றார்.

வேறு நாளாக இருந்திருந்தால் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெங்காயத்துக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அந்தச் சொல் என்னை அசையவிடவில்லை. அது ஏன் என்று சொல்ல, வீட்டில் நடந்துகொண்டிருந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

2

என் மனைவி ராஜிக்கு ஒரேயொரு தம்பி. பெயர் ரூபன். கடைசி யுத்தம் முடிந்த நாட்களில் காணாமற்போனவர்களில் ஒருவர். எந்த இடத்தில், எந்த நாளில் என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய மனைவி வனிதா அப்போது கூடவே இருந்தவர். இப்போது கிளிநொச்சியில் இருக்கிறார். அவரிடம் நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் அழுவார் என்று கேட்காமல் விட்டோம்.

கார்த்திகை மாதத்தில் வனிதா வாட்ஸ்அப்பில் ஒரு கடதாசியைப் படம் பிடித்து அனுப்பினார். ரூபனுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க முடிவு செய்துவிட்டாராம். இருக்கிற காணி ரூபனின் பெயரில். அது மாறாமல் அதில் நிற்கிற அரைகுறை வீட்டில் ஒரு கதவுகூட மாற்ற ஏலாது. கிராம அலுவலரான விதானையார், கூடப்பிறந்தவரிடம் இருந்தும் ஒரு சத்தியக் கடதாசி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். லண்டனில் ஒரு சட்டத்தரணிக்கு முன்னால் ராஜி கையொப்பம் வைத்து அனுப்பினால் போதும். எல்லாம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "இறந்ததாக நான் நம்பும் திகதி" என்று எழுதி, பிறகு ஒரு நீளக் கோடு.

ராஜி அந்தக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் வைக்கமாட்டன்."

"ஏன்?"

"ஒரு நாளை நான் எழுதினால், அண்டைக்கு நான்தான் அவனைச் சாக்காட்டினதாய் இருக்கும். அவன் இருக்கிறான்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"உங்களுக்குச் சொன்னால் விளங்காது."

எங்கள் மகள் துளசி நகரசபை அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் படிவங்களோடு இருக்கிற பிள்ளை. அவள் தாயிடம் தன் பாணியில் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோர்ம். மாமா இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். ஏன் ஒருத்தரும் சொல்லுறீங்கள் இல்லை?"

"நீ அவனைக் கண்டனியே? போட்டோவிலதானே கண்டனீ."

துளசி குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவள் எங்களோடு பேசியதெல்லாம் "சாப்பாடு வேண்டாம்" என்பதுதான்.

வனிதா மறுபடி எழுதவில்லை. அனுப்பிய செய்தியின் கீழ் இரண்டு நீலக் குறி விழுந்திருந்தது. நாங்கள் பார்த்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியும். நாளுக்கு நாள் அந்த நீலக் குறி எனக்கு வெட்கமாக இருந்தது.

3

ரூபன் இருக்கிறான் என்று ராஜிக்குச் சொன்னவரை எனக்குத் தெரியும். வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் செபக்கூட்டம் நடத்துகிற பாஸ்டர். தமிழ்நாட்டுக்காரர், நாகர்கோயில் பக்கம். ராஜி வீட்டில் பிள்ளையாருக்கும் விளக்கு வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் போவாள். அவள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு படுத்திருந்தபோது பத்து நாள் வீட்டுக்குச் சாப்பாடு வந்தது அந்தக் கூட்டத்தில் இருந்துதான். கோயில்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே அந்த மனிதரைப் பற்றிக் கூடாமல் எழுதக் கை வரவில்லை. ஆனால் அவர் சொல்கிறதைப் பற்றி எழுதலாம்.

அவருக்குப் பிடித்த பிரசங்கம் ஒன்று உண்டு. ராஜியைக் கூட்டிவரப் போனபோது மூன்று தரம் கேட்டிருக்கிறேன். "எகிப்து எங்க? பாபிலோன் எங்க? ரோமாபுரி எங்க? எல்லாம் மண்ணாப் போச்சு. அடிச்சான், விரட்டினான், எரிச்சான். யூத ஜனம் மட்டும் இன்னிக்கும் நிக்குது. ஏன்? ஆண்டவர் ஆபிரகாமோட உடன்படிக்கை பண்ணாரு. அவர் வார்த்தை மாறல. அவர் இருக்கார்ங்கறதுக்கு இதவிட அடையாளம் என்ன வேணும்?"

முதல்தரம் கேட்டபோது மயிர் சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் வழியில்தான் சந்தேகம் தொடங்கியது. பாரிஸில் என்னோடு துண்டு போட்ட ஒருவன் எகிப்துக்காரன். எகிப்து எங்கேயும் போகவில்லை, அவன்தான் சீட்டு இல்லாமல் மெத்ரோவில் போய்ப் பிடிபட்டான். இதை ராஜிக்குச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த சந்தேகம் பெரியது. உலகத்தில் எத்தனையோ சனங்கள் அழிந்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு கடவுள் இருந்திருப்பார், அவரும் ஏதோ வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கைப் பற்றி இப்போது கேட்க ஆள் இல்லை. பிழைத்தவன்தான் மேடை ஏறி, தான் பிழைத்த காரணத்தைச் சொல்கிறான். அழிந்தவனின் பிரசங்கத்தை யார் கேட்டது?

நானும் பிழைத்தவன்தான். ஐரோப்பாவில் ஓர் எல்லையைக் கடக்கும்போது, தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் எங்களை அடைத்த லொறியில் ஐந்து பேர். கதவு திறந்தபோது மூன்று பேர் எழும்பினோம். நான் கதவோரம் இருந்தேன். கதவு இடுக்கால் காற்று வந்தது. அந்த இடம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், நான் கடைசியாக ஏறியது. கடைசியாக ஏறியதற்குக் காரணம், வயிற்றுப்போக்கு. இதை எவரும் அடையாளமாக எடுத்துப் பிரசங்கம் செய்ததில்லை.

எங்கள் ஆட்களும் இந்தக் கதையை விடுவதில்லை. கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஒரு மண்டபக் கூட்டத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி, "யூதர்களைப் பாருங்கோ, இரண்டாயிரம் வருசம் அலைஞ்சும் அழியேல்லை, நாங்களும் அப்பிடித்தான்" என்று பேசினார். சனம் கை தட்டியது. எனக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் தொலைபேசியில் ஆங்கிலத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேசியவர் ஒரு யூதரோடு ஒருநாளாவது இருந்து கதைத்திருப்பாரா என்று யோசித்தேன். நான் அவர்களுடைய குசினியில் நிற்கிறேன். எங்கள் சமையற்கூடத்துக்கு எதிரே அவர்களுடைய பள்ளிக்கூடம். சுவர் இரண்டு ஆள் உயரம், மேலே கமரா. காலையில் பிள்ளைகள் போகும்போது தகப்பன்மார் மாறி மாறி வாசலில் காவல் நிற்கிறார்கள். கடவுள் காவல் இருக்கிற சனம் என்றால் இந்தக் காவல் எதற்கு?

இவ்வளவும் என்னுடைய சந்தேகங்கள். நான் அதிகம் படிக்காதவன், படித்தவர்களிடம் மறுமொழி இருக்கும். பாஸ்டர் ராஜியிடம் தனியாகச் சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியாதது. "இத்தனை கோடி யூத ஜனத்த காப்பாத்தினவருக்கு உங்க தம்பி ஒருத்தர காப்பாத்தறது கஷ்டமா, சிஸ்டர்? விசுவாசமா இருங்க. மரணம்னு கையெழுத்துப் போடாதீங்க."

கிளிநொச்சியில் ஒரு பெண் கதவு மாற்ற முடியாமல் இருக்கிறதற்கு, ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கை காரணமாகிவிட்டது.

4

இப்போது மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமை. ஆறிப்போன தேத்தண்ணியை நானே குடித்துக்கொண்டு அவ்ரமிடம் கேட்டேன், திகதி இல்லாதவர்கள் என்றால் யார்?

அவர் கீரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். எங்களைப் போலவே அவர்களுக்கும் செத்த நாள் முக்கியம். வருடாவருடம் அந்த நாளில் விளக்கு வைத்துச் செபம் சொல்ல வேண்டும். ஆனால் போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்கு நாள் தெரியாது. எந்த ரயிலில் ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பெரியவர்கள் கூடி, ஏற்கெனவே இருந்த ஒரு பழைய விரத நாளை அவர்களுக்கும் என்று வைத்தார்கள். அவருடைய பாட்டனோடு பிறந்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் இன்றுதான் நாள்.

"நாளைக் குறித்தது கடவுளா?" என்று கேட்டேன்.

"ஆட்கள். கூட்டம் போட்டு. நிச்சயம் சண்டையும் பிடித்திருப்பார்கள்."

எங்களிடமும் அப்படி உண்டு என்றேன். செத்த திதி தெரியாவிட்டால் புரட்டாசி அமாவாசையில் கொடுப்பார்கள். அவ்ரம் அதைக் கேட்டு அதிசயப்படவில்லை. "பின்னே என்ன செய்வது?" என்றார்.

அவர் பசியோடு இருந்தார், நான் அவருடைய முப்பத்தாறு தட்டு மீனைக் கெடுத்திருந்தேன். கேட்கக் கூடாத நேரம். ஆனாலும் கேட்டேன். "என் மனைவியின் பாஸ்டர் சொல்கிறார், நீங்கள் அழியாமல் இருப்பதே கடவுள் வாக்குக் காப்பாற்றுகிறார் என்பதற்கு அடையாளம் என்று. உண்மையா?"

அவ்ரம் ஓர் இலையை வெளிச்சத்தில் திருப்பினார். "என்னைப் பார்த்தால் அடையாளம் மாதிரியா இருக்கிறது? எனக்கு நாரி நோகிறது."

"நீங்கள் அந்த உடன்படிக்கையை நம்புகிறீர்களா?"

"நம்புகிறேன். நம்பாவிட்டால் இந்தக் கீரையில் பூச்சி தேடிக்கொண்டு இருப்பேனா? நல்ல சம்பளத்துக்கு வேறு வேலை இருக்கிறது."

"அப்படியென்றால் அந்தப் பத்துப் பேர்?"

இந்த இடத்தில் அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. யாரோ அடிக்கடி கேட்கிற கேள்வி போல, அல்லது தானே தன்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி போல, இலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாக்கு சனத்துக்குக் கொடுத்தது. இந்தச் சனம் முழுக்க முடிந்து போகாது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதில் ஆட்களின் பெயர் இல்லை. என் பாட்டனின் பெயரும் இல்லை, தப்பி வந்தவர் அவர்தான். அவர் தப்பியதை அடையாளம் என்று சொன்னால், மற்றப் பத்துப் பேரும் எதற்கு அடையாளம்? அதனால் எங்கள் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை."

"அப்போ கடவுள் தன் பக்கத்தைச் சரியாகச் செய்தாரா, இல்லையா?"

"சிவா, உடன்படிக்கைக்கு இரண்டு பக்கம். இந்த நெருப்பு, இந்தக் கீரை, இது என் பக்கம். அதைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். அவருடைய பக்கத்தை நான் மேற்பார்வை செய்வதில்லை."

கெட்டித்தனமான மறுமொழி. பஸ்ஸில் வரும்போது அதையும் சந்தேகப்பட்டேன். எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கிறவர் அந்த ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து வைத்திருக்கிறார். பார்த்தால் என்ன தெரியும் என்ற பயமாக இருக்கலாம். ஆனால் ஒன்றை என்னால் தள்ள முடியவில்லை. இந்த விஷயத்தில் வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த வீட்டு ஆள் இவர். அவர் செத்தவர்களைச் செத்தவர்கள் என்கிறார். நாள் தெரியாவிட்டாலும் ஒரு நாளைப் பிடித்துப் பட்டினி கிடக்கிறார். அந்த வாக்கை எட்ட நின்று பார்த்த பாஸ்டர்தான், செத்தவன் சாகவில்லை என்கிறார்.

5

ஞாயிற்றுக்கிழமை ராஜியோடு நானும் கூட்டத்துக்குப் போனேன். அவளுக்குச் சந்தேகம். "நீங்கள் ஏன் வாறியள்?"

"சும்மா வாறன்."

"சும்மா வாற ஆள் இல்லை நீங்கள்."

கூட்டம் முடிந்த பிறகு தேத்தண்ணியும் வடையும் கொடுப்பார்கள். ராஜி அங்கே தட்டு அடுக்கப் போனாள். நான் பாஸ்டரை மேடையோரம் பிடித்தேன். மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. கிழமை நாட்களில் மருந்துப் பெட்டி விநியோகிக்கிற வான் ஓட்டுகிறவர் என்று அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் சட்டையை உள்ளே போட்டிருந்தார்.

"பாஸ்டர், ஒரு கேள்வி. அந்த உடன்படிக்கையில ரூபன்ர பேர் இருக்கோ?"

"என்ன பிரதர்?"

"யூத சனத்தைக் காப்பாத்தினவர் எண்டு சொன்னனீங்கள். நான் யூதரோட வேலை செய்யிறன். அவையள் சொல்லினம், வாக்கு சனத்துக்குத்தானாம், தனி ஆளுக்கு இல்லையாம். அவையின்ர வீட்டில பத்துப் பேர் போயிட்டினம். அவையளுக்கே பேர் இல்லாத இடத்தில எங்கட ரூபனுக்கு என்னெண்டு இருக்கும்?"

"விசுவாசத்துல இப்படிக் கணக்குக் கேக்கக் கூடாது, பிரதர்."

"நான் விசுவாசத்தைக் கேக்கேல்லை. அவன் உயிரோட இருக்கிறான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் வயரைச் சுருட்டுவதை நிறுத்தினார். மேடைக்குரல் போய்விட்டது. வான் ஓட்டுகிற மனிதரின் குரலில் சொன்னார்: "தெரியாது பிரதர். அவங்க அழுதுக்கிட்டே வந்தாங்க. மூணு வாரம் அழுதாங்க. எதாச்சும் சொல்லணும்ல. நான் என்ன சொல்லியிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

ஒரு மனிதரை மடக்க வேண்டும் என்று ஒரு கிழமையாகத் தயார் பண்ணி வந்தவன், மடக்கிய பிறகு என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.

திரும்பினால் ராஜி நிற்கிறாள். கையில் கடதாசித் தட்டில் எனக்கென்று இரண்டு வடை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்டர் "சிஸ்டர்" என்று ஒரு அடி வைத்தார்.

"பரவாயில்லை பாஸ்டர்" என்றாள். "நீங்கள் வயரைச் சுத்துங்கோ."

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் முன் இருக்கையில் இருந்தாள். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள். "உங்களுக்கு இப்ப சந்தோசமோ?"

சந்தோசம் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அவள் நம்பவில்லை.

6

அடுத்த நாள் எனக்கு விடுப்பு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜி கடதாசியை அச்செடுத்துத் தரச்சொல்லித் துளசியைக் கேட்டாள். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகாமல் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். ராஜி பேனையைத் திறந்து அந்தக் கோட்டுக்கு மேல் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

"இஞ்சருங்கோ. நான் என்ன நாளை எழுதிறது?"

அவ்ரமின் விரத நாளைச் சொன்னேன். புரட்டாசி அமாவாசையைச் சொன்னேன். யுத்தம் முடிந்ததாக அறிவித்த நாளைப் போடலாம், கனபேர் அதைத்தான் போடுகிறார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். "அது எல்லாற்ற நாள். அவன்ர நாள் இல்லை."

பிறகு தொலைபேசியை எடுத்தாள். இதுவரை வனிதாவோடு பேசுவது அவர் அண்ணை என்று கூப்பிடுகிற நான்தான். இவள் பக்கத்தில் இருந்து "சுகமாமோ, பிள்ளை படிக்கிறாளாமோ" என்று என்னைக் கொண்டு கேட்பிப்பாள். அன்றைக்குத் தானே எடுத்தாள். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். அங்கே பின்னேரம். எங்கேயோ மோட்டார்சைக்கிள் போகிற சத்தம்.

"வனிதா, நான் ராஜி."

"மச்சாளோ? என்ன, அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"அவர் நல்லாத்தான் இருக்கிறார். அந்தக் கடதாசியை வைச்சுக்கொண்டு இருக்கிறன். கையெழுத்து வைக்கப்போறன். ஆனால் இதில திகதி ஒண்டு கேக்குது."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று துளசி குனிந்து பார்த்தாள்.

"அதை நான்தான் வெறுமையாய் விடச் சொன்னனான், மச்சாள்" என்றார் வனிதா. "கிளார்க் கேட்டவர், நிரப்பட்டோ எண்டு. வேண்டாம் எண்டனான். நீங்கள் கேப்பியள் எண்டு பாத்தன்."

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஆமிக்காரர் அவரை பஸ்ஸில ஏத்தேக்கை நான் பக்கத்தில நிண்டனான். பிள்ளை இடுப்பில. ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன், தண்ணிப் போத்திலை வைச்சிரு எண்டு சொல்லிப்போட்டு ஏறினவர். அந்த பஸ்ஸில போன ஒருத்தரும் வரேல்லை. அண்டைக்குத் திகதி என்ன எண்டு எனக்குத் தெரியும் மச்சாள். ஒவ்வொரு வருசமும் அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டு, அவருக்குப் படைக்கிறனான்."

"எவ்வளவு காலமாய்?"

"இரண்டாம் வருசம் தொடங்கி."

ராஜி மேசையின் விளிம்பைப் பிடித்தாள். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவர் இருக்கிறார் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள். ஒவ்வொரு முறையும் அண்ணை சொல்லுவார், உங்கட மச்சாள் நம்பிக்கொண்டிருக்கிறா எண்டு. அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்லுறது? பிள்ளைக்கும் வாயை மூடச் சொல்லி வைச்சனான். லண்டன் மாமிக்குத் தெரிஞ்சால் அழுவா எண்டு."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாங்கள் இங்கே ஒருவரை உயிரோடு வைத்திருந்தோம். அதற்காக அங்கே ஒருத்தி பூட்டிய கதவுக்குப் பின்னால் திவசம் செய்திருக்கிறாள்.

"திகதியைச் சொல்லும்" என்றாள் ராஜி.

வனிதா சொன்னார். ராஜி எழுதினாள். நாள், மாதம், வருடம். எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடாமல் கேட்டாள்.

"என்ன படைக்கிறனீர்?"

"சோறு, பருப்பு, கத்தரிக்காய். கட்டாயம் கணவாய்க் கறி வைப்பன்."

"கணவாயோ? அவனுக்குக் கணவாய் கண்ணிலயும் காட்டக் கூடாதே. சின்னனில அம்மா வைச்சால் எழும்பி ஓடிப்போயிடுவான்."

"கலியாணத்துக்குப் பிறகு சாப்பிடுவார் மச்சாள்" என்றார் வனிதா. "நல்லாய்ச் சாப்பிடுவார். நீங்கள் காணேல்லை."

ராஜி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

"உறைப்பாய் வைக்கிறனீரோ, தேங்காய்ப்பால் விட்டோ?"